டயருக்கும் வயது உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் காருக்கு நாலு டயரையும் மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனேன். பழைய டயர், பள்ளத்துக்குள் இருக்கும் சின்னத் திட்டின் மட்டத்துக்கே தேய்ந்துவிட்டது, அதாவது ஆழம் 1.6 மி.மீ.தான், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. கடைக்காரர் எடுத்துப் போட்ட டயர் கறுகறுவென்று புதுசாகத்தான் இருந்தது, ஆனால் குனிந்து பக்கவாட்டைப் பார்த்தால், டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் 3521 என்று இருந்தது. 2021-இல் 35-ஆவது வாரம் செய்தது! ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், இறுகின ரப்பர் ஈரத் தார்ச்சாலையில் பிடிக்காது. இதை முழு விலைக்குத் தருவது என்ன நியாயம்? வேறு கேட்டதும் உள்ளேயிருந்து இந்த வருஷத்து டயர் வந்தது, அதே விலைக்கு.

அப்புறம் அளவு. என் காருக்கு 165/80 ஆர்14, கூடவே தாங்கும் எடையையும் வேகத்தையும் குறிக்கும் 85டி. அந்த 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். அதைவிடக் குறைந்த எண்ணை, விலை மலிவு என்று வாங்கவே கூடாது.

இரண்டு மட்டும் மாற்றுகிறவர்கள் புதுசை முன்னால் போடுகிறார்கள். தயவுசெய்து பின்னால் போடுங்கள், மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.

பில்லில் தயாரிப்பு வாரத்தையும் எழுதித் தரவேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- வாசகர், தாம்பரம்