யாப்பா என்றால் கொசுறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் உணவுப் பக்கத்தில் பெரு நாட்டுச் சமையலைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த நாட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் கட்டுரையாளர் தலைநகர் லிமாவில் இரண்டு உணவகங்களின் வாசலைத் தாண்டவே இல்லை. சென்ட்ரல் 2023-லும் மைடோ 2025-லும் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தவை. அவற்றைப் பாராட்டியதில் எனக்கு வருத்தமில்லை. கட்டுரையைப் படித்த என் தம்பி மதுரையிலிருந்து கூப்பிட்டு, “பெரு சாப்பாடுன்னா பணக்காரங்க சமாச்சாரம் போலிருக்கே” என்றானே, அதுதான் வருத்தம். நான் வாரம் தவறாமல் சாப்பிடுவது அந்தச் சாப்பாட்டைத்தான். மூன்று பேர் ஒரு முழுக் கோழி வாங்கிச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் வருவோம்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், கிளிஃப்டனில். பக்கத்து ஊர் பேட்டர்சன். ஒரு காலத்தில் பட்டு ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் அது. துணி ஆலைகளில் வேலை தேடி வந்த பெரு நாட்டுக்காரர்கள், ஆலைகள் மூடிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெருவின் துணைத் தூதரகம் ஒன்று அங்கே இருக்கிறது. 2016-இல் மார்க்கெட் தெருப் பக்கம் ஒரு பகுதிக்கு ‘பெரு சதுக்கம்’ என்றே பெயர் வைத்தார்கள். நாங்கள் வழக்கமாகச் சாப்பிடப் போகும் கடையும் அந்தப் பக்கம்தான். பத்துப் பன்னிரண்டு மேசை, சுவரில் ஒரு தொலைக்காட்சி, அதில் எந்நேரமும் கால்பந்து. உள்ளே நுழைந்ததுமே கரியில் கோழி சுடும் வாசனை சட்டையில் ஏறிக்கொள்ளும். மறுநாள் ஆபீஸில்கூடக் கேட்பார்கள்.

அந்தக் கோழிதான் பொய்யோ அ லா பிராசா. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை! சீரகம், மிளகு, பூண்டு, சோயா சாஸ் எல்லாம் தடவி ஊறவைத்து, கம்பியில் கோத்து, கரி நெருப்பின் முன்னால் சுற்றவிட்டுச் சுடுவார்கள். இது இன்கா காலத்துச் சமாச்சாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். 1950 வாக்கில் லிமாவுக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்த ரோஜர் ஷூலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தொடங்கி வைத்தது. பல கோழிகளை ஒரே நேரத்தில் சுழற்றும் அடுப்பை இன்னொரு சுவிஸ்காரரான ஃபிரான்ஸ் உல்ரிச் செய்து கொடுத்தார். இன்று பெருவில் ஜூலை மூன்றாவது ஞாயிறு இந்தக் கோழிக்கென்றே ஒரு நாள். நம் ஊரில் பரோட்டாவுக்கு இன்னும் யாரும் நாள் குறிக்கவில்லை என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

கோழியோடு ஒரு பச்சைச் சாஸ் வரும். முதல் தடவை போனபோது அதைக் கொத்தமல்லிச் சட்னி என்று நினைத்து, இரண்டு கரண்டி எடுத்து உருளைக்கிழங்கு வறுவல் மேல் ஊற்றிக்கொண்டேன். நாங்கள் காரத்துக்குப் பயந்தவர்களா என்ன! வாயில் போட்டதும் ஒன்றும் தெரியவில்லை. பத்து எண்ணுவதற்குள் காது அடைத்தது, கண்ணில் தண்ணீர். கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் சிச்சா மொராதா கொண்டுவந்து வைத்தார். ஊதா நிற மக்காச்சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்த பானம். பார்க்க நாவல்பழச் சாறு மாதிரியே இருக்கும்.

அப்புறம் செவிச்சே. உங்கள் கட்டுரை அதைப் ‘பச்சை மீன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. படித்தால் யாருக்குத்தான் சாப்பிடத் தோன்றும்? மீன் துண்டுகளில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்ததும், கண்ணாடி போல இருந்த சதை நம் கண் முன்னாலேயே வெளுத்து இறுகும். அடுப்பு செய்கிற வேலையில் பாதியைப் புளிப்பு செய்துவிடுகிறது. ஆனால் கிருமியைக் கொல்ல அது போதாது, அதனால் மீன் அன்றன்று வந்ததாக இருக்க வேண்டும். லிமாவில் செவிச்சேக் கடைகள் பெரும்பாலும் மதியத்தோடு மூடிவிடும் வழக்கம் அதனால்தான். மேலே மெல்லிசாக அரிந்த வெங்காயம், ஓரத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு கை வறுத்த சோளம். காரமும் புளிப்பும் ஏறும்போது அந்தக் கிழங்கில் ஒரு கடி கடித்துக்கொள்ள வேண்டும். கிழங்கை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டால் பாதிச் சாப்பாடு போச்சு. 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த சங்கதி இது. கட்டுரையாளர் கொஞ்சம் பொறுமையாக எழுதியிருக்கலாம்.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். சுத்த சைவம். கோழிக்கடைக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று தயங்கினேன். மெனுவில் ‘பாப்பா அ லா வாங்காயினா’ என்று படித்துச் சொன்னதும் அம்மா, “பாப்பாவா?” என்று திகைத்தார். அங்கே பாப்பா என்றால் உருளைக்கிழங்கு. ஆயிரக்கணக்கான நாட்டு ரகங்கள் விளையும் ஆண்டிஸ் மலைதான் அதற்குத் தாய்வீடு. அவித்த கிழங்கின் மேல் பாலாடைக்கட்டி, பால், மஞ்சள் மிளகாய் அரைத்த குழம்பை ஊற்றித் தருவார்கள் (பெயர்தான் மஞ்சள் மிளகாய், பழுத்தால் ஆரஞ்சு நிறம்). மேலே வைக்கும் முட்டையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கூடவே மரவள்ளிக்கிழங்கு வறுவல். சைவக்காரர்கள் பீன்ஸ் வாங்கும்போது மட்டும் கேட்டு வாங்குங்கள், பன்றி இறைச்சி போட்டு வேகவைக்கும் கடைகளும் உண்டு.

அம்மாவைக் கவிழ்த்தது பிகாரோனெஸ். பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துப் பிசைந்து புளிக்கவைத்த மாவு. அடுக்களை வாசலிலிருந்து பார்த்தோம். கடைக்கார அம்மா கையைத் தண்ணீரில் நனைத்து, மாவை எடுத்து, விரலால் நடுவில் ஓட்டை போட்டு, அப்படியே எண்ணெயில் விட்டார். அம்மா என் கையைப் பிடித்து, “இது உளுந்து வடை போடுற கைடா” என்றார். பொன்னிறமாக எடுத்து, கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சிய வெல்லப் பாகை மேலே ஊற்றினார்கள். நாலு வாங்கினோம். அம்மாவே மூன்று சாப்பிட்டார்.

கிளம்பும்போது கடைக்கார அம்மா, ஜாடியில் மிச்சமிருந்த சிச்சாவை எங்கள் டம்ளர்களில் நிரப்பி, “யாப்பா, கசேரா” என்றார். கசேரா என்றால் வாடிக்கைக்காரி. கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் கூப்பிடுவது அந்த ஒரே சொல்லால்தான். யாப்பா என்பது கெச்சுவா மொழியிலிருந்து வந்தது, காசு கொடுத்ததற்கு மேல் கொஞ்சம். நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா, “கொசுறுன்னு சொல்லேன்” என்றுவிட்டு, ஒரு மடக்கில் குடித்துவிட்டார்.

ஆகவே அடுத்த முறை பெருவைப் பற்றி எழுதும்போது, இப்படி ஒரு தெருமுனைக் கோழிக்கடைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். விலையையும் போடுங்கள். தம்பி அடுத்த மாதம் இங்கே வருகிறான். கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பச்சைச் சாஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கிளிஃப்டன் வாசகர், நியூ ஜெர்சி