கழற்றும் முன் கன்டென்சரைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. செல்போன் படத்தில் வராத ஏதோ ஒரு நிறம் அதில் வருகிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வாங்கி வந்தது ஓடவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில், "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வருவதில்லை." அடுத்தது யூடியூபும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான். வீட்டிலேயே பழுது பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெருவுக்குத் தெரு கேமரா மெக்கானிக் இருந்த காலம் போய்விட்டது. வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த வீடியோக்கள் பலவற்றில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றியதும் மூடியைத் தூக்கிவிடுகிறார்கள். உள்ளே 300 வோல்ட் காத்திருக்கும் என்பதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

ஃப்ளாஷ் உள்ள கேமராவில், ஃப்ளாஷுக்குப் பக்கத்திலோ கைப்பிடியின் உட்புறமோ, சுண்டுவிரல் பருமனில் ஒரு கறுப்பு உருளை இருக்கும். அதுதான் ஃப்ளாஷ் கன்டென்சர் (கெபாசிட்டர்), ஃப்ளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். அதன் மேலேயே 300, 315 அல்லது 330 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். கொள்ளளவு பெரும்பாலும் 80 முதல் 200 மைக்ரோ ஃபாரட். பேட்டரி தருவது வெறும் 3 அல்லது 3.7 வோல்ட்தானே என்று நினைத்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதை நூறு மடங்கு ஏற்றி இந்த உருளையில் நிரப்புகிறது. பேட்டரியை வெளியே எடுத்துவிட்டாலும் நிரம்பிய மின்சாரம் உடனே போகாது. மணிக்கணக்கில் நிற்கும், சில கேமராக்களில் நாள்கணக்கிலும் நிற்கும். 100 மைக்ரோ ஃபாரட், 330 வோல்ட் என்று கணக்குப் போட்டால் உள்ளே நிற்கும் ஆற்றல் சுமார் 5.4 ஜூல். மூடியை நெம்பும்போது கட்டைவிரல் படும் இடத்திலேயே அதன் சால்டர் முனைகள் திறந்து கிடக்கும். தொட்டால் கை வெட்டி இழுக்கும், கேமரா பறக்கும், கூடவே உள்ளே இருக்கும் பட்டையான ரிப்பன் கேபிளும் அறுந்துபோகும். இதய நோய் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டு டிஸ்சார்ஜ் செய்வது சிலருக்குப் பழக்கம். பட்டென்று தீப்பொறி பறக்கும், போர்டில் செம்புத் தடம் உருகும், ஃப்ளாஷ் சர்க்யூட்டும் அதோடு போகலாம். சரியான முறைக்கு ஒரு ரெசிஸ்டர் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ '2 கே (கிலோ ஓம்), 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர்' என்று கேளுங்கள். வெள்ளைக் கட்டியாகக் கொடுப்பார்கள். 1 கே-யிலிருந்து 2.2 கே வரை எது கிடைத்தாலும் சரி. அதன் இரண்டு கால்களிலும் தடித்த உறையுள்ள வயரைச் சால்டர் செய்து, வெறும் உலோகம் முனையில் மட்டும் தெரியும்படி ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) போடுங்கள். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் கன்டென்சரின் இரு கால்களிலும் ஐந்து விநாடி வைத்துப் பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து அளந்து பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறையும் அளக்க வேண்டும். இந்த வகைக் கன்டென்சரில் வோல்ட்டேஜ் தானாகக் கொஞ்சம் மேலே ஏறி வரும். ஏறியிருந்தால் மறுபடி ரெசிஸ்டரை வையுங்கள். வேலைக்கு நடுவில் சோதித்துப் பார்க்க பேட்டரியைப் போட்டீர்களானால் மொத்தத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அனுபவசாலிகளே கோட்டைவிடும் இடம் இதுதான்.

இவ்வளவும் திறந்தாக வேண்டும் என்றால்தான். திறக்காமலே சரியாகும் கோளாறுகள் நிறைய. ஏஏ செல் போடும் கேமரா ஆன் ஆகி உடனே அணைந்தால், பழுது பெரும்பாலும் கேமராவில் இல்லை, செல்லில். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல்லால் லென்ஸ் மோட்டார் ஓடுவதற்கான கரன்ட்டைத் தர முடியாது. 2000 எம்ஏஎச் அல்லது அதற்கு மேல் உள்ள ரீசார்ஜபிள் நிக்கல் செல் போட்டுப் பாருங்கள். உள்ளே அல்கலைன் செல் கசிந்து, செல் தொடும் உலோகப் பட்டையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அது காரம். பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை அமுக்கி உள்ளே திணிக்க வேண்டாம்.

அடுத்தது மெமரி கார்டு. 'கார்டு எரர்' என்று வந்தால் உடனே ஸ்லாட்டைக் குறை சொல்கிறோம். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டு என்பதே 2006-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜிபி வரையுள்ள பழைய எஸ்டி கார்டுதான் புரியும். 32 ஜிபி போட்டால் எந்தக் காலத்திலும் படிக்காது. 'கார்டு லாக்' என்று வந்தால் கார்டின் ஓரத்துச் சிறு தாழ்ப்பாள் தளர்ந்து கீழே இறங்கியிருக்கும். விழுந்தே போயிருந்தால் அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டினால் எழுதத் தொடங்கிவிடும். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் அழிந்துபோவது தனிச் சமாச்சாரம்: சில மாடல்களில் பேட்டரி அறைக்குள்ளேயே ஒரு பட்டன் செல் இருக்கும், அதை மாற்ற வேண்டும். மற்றவற்றில் அது உள்ளே ஒட்டப்பட்ட ரீசார்ஜ் செல். பெரிய பேட்டரியை முழு சார்ஜோடு ஒன்றிரண்டு நாள் உள்ளேயே விட்டால் ஏறிக்கொள்ளும்.

அதிகம் வருவது லென்ஸ் கோளாறு. பழைய கேனான்களில் 'இ18' என்று காட்டியதும், பிறகு வந்தவற்றில் 'லென்ஸ் எரர்' என்று காட்டுவதும் ஒன்றுதான்: குழல் போக வேண்டிய தூரம் போகவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு மூன்று குழல்கள், ஒவ்வொன்றிலும் சாய்வான காடிகள் (நீள் பள்ளங்கள்), அவற்றில் ஓடும் சிறு ஊசிகள், எல்லாவற்றையும் தள்ள பட்டாணி அளவில் ஒரு மோட்டார். கடற்கரை மணல் ஒன்று காடியில் விழுந்தால் போதும், மோட்டார் முக்கிவிட்டு நின்றுவிடும். பவுடரும் டிக்கெட் துண்டும் கிடக்கும் ஹேண்ட்பேக்கில் போட்டாலும் இதே கதைதான்.

முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, குழல்களுக்கு இடையே உள்ள இடுக்கில் ரப்பர் பல்ப் புளோயரால் சுற்றிலும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். ஜெராக்ஸ் பேப்பரில் ஒரு செ.மீ. அகலப் பட்டை வெட்டி, இடுக்கில் 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் விட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால் மணல் பட்டையோடு வெளியே வரும். அதற்கு மேல் விட்டால் உள்ளே இருக்கும் தூசித் தடுப்பு வளையம் மடங்கிக்கொள்ளும். கீழே விழுந்த கேமரா என்றால் கண் மட்டத்தில் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குழலின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தால் ஊசி ஒன்று காடியை விட்டு வெளியே வந்திருக்கிறது. உயர்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் நேராக அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் குழலோடு நிற்காமல் ஊர்ந்து போய் ஷட்டர் இதழ்களில் படியும். இதழ்கள் ஒட்டிக்கொண்டால் அதோடு அந்த லென்ஸ் தீர்ந்தது. கரகரவென்று சத்தம் மட்டும் வந்து குழல் அசையவில்லை என்றால் பிளாஸ்டிக் பல்சக்கரம் மொட்டையாகிவிட்டது. முழு லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும்.

அப்போதுதான் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை. ஜப்பான் கேமராக்களில் இருப்பது பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ போலத்தான் தெரியும்; ஆனால் அது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வெட்டு. பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, வழுக்கித் தலையை மொட்டையாக்கிவிடும். 00, 000 அளவு ஜேஐஎஸ் முனைகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. 3 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 5 மி.மீ. போட்டு முறுக்கினால் அடியில் இருக்கும் போர்டையோ திரையையோ குத்தும். தெர்மோகோல் அட்டையில் கேமராவின் வெளிக்கோட்டை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள். சாக்கெட்டில் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். சிலவற்றில் நகத்தால் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் இரு ஓரத்தையும் அரை மி.மீ. முன்னால் தள்ள வேண்டும். எந்த வகை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். தாழ்ப்பாள் உடைந்தால் அந்தச் சாக்கெட்டை வீட்டில் மாற்ற முடியாது.

தொடவே வேண்டாத பழுது ஒன்று உண்டு. மெனு தெளிவாகத் தெரிகிறது, பழைய படங்களும் தெரிகின்றன, புதிதாக எடுப்பது மட்டும் கருப்பாகவோ ஊதாக் கோடுகளாகவோ வருகிறது என்றால் சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சிப்பை, சந்தேகியுங்கள். 2000-களின் முற்பகுதியில் வந்த சிசிடி என்ற வகையைச் சேர்ந்த சில சோனி சென்சார்களில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உள் இணைப்புகளை விட வைத்தன. 2005 அக்டோபரில் சோனி, கேனான், நிக்கான் உள்பட பல நிறுவனங்கள் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தன. அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. நம் ஊர் வெயிலும் ஈரமும் அந்தச் சென்சாருக்கு எதிரி என்பதால், பழைய கேமரா வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் கையேடும் உதிரிபாக விவரமும் மக்களுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பார்ட்ஸ் தருவதை நிறுத்திவிட்ட மாடல்களுக்காவது சர்வீஸ் மேனுவலைக் கேமரா நிறுவனங்கள் அதில் வெளியிட வேண்டும். கன்டென்சர் எங்கே இருக்கிறது என்ற ஒரு பக்கப் படம் கிடைத்தாலே பெரிய உபகாரம். அதுவரை ஓடாத கேமராவைக் காயலான் கடைக்குப் போடாமல் பழைய கேமரா விற்கும் கடையில் கொடுங்கள். திரை உடைந்த ஒன்றில் லென்ஸ் யூனிட் முழுதாக இருக்கும். வாங்குகிறவர்கள் முன்பக்கப் பெயரை மட்டும் பார்க்காமல், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

– கேமரா பழுது பார்ப்பவர், மதுரை