வெற்றி தோல்வி இல்லாத விளையாட்டுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்றாலே துப்பாக்கிச் சண்டை, அடிமையான பிள்ளைகள், ஆன்லைனில் பணம் இழந்தவர்கள் என்றுதான் செய்தி வருகிறது. அவை வர வேண்டிய செய்திகள்தான், மறுக்கவில்லை. ஆனால் மனதை அமைதிப்படுத்தும் விளையாட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் நானே எழுதுகிறேன்.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். பகல் முழுக்கத் திரையில் கோடு இழுத்துவிட்டு, ராத்திரி மறுபடியும் திரை முன் உட்கார்ந்து ஊர் கட்டுவது ஏன் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். நான் கட்டுவது டவுன்ஸ்கேப்பரில். ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஸ்டால்பெர்க் உருவாக்கி, 2021 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு அது. திறந்தால் வெறும் கடல், ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டை. தண்ணீரைத் தொட்டால் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தத்தோடு கல் தரை எழும்பும். அதையே மறுபடி தொட்டால் மேலே ஒரு வீடு. பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொன்று வைத்தால் இரண்டும் ஒரே வீடாகச் சேர்ந்துகொள்ளும். வேறு நிறம் வைத்தால் தனித்தனி வீடு. கீழ்த்தளத்தை எடுத்துவிட்டால் மாடி விழாது, அடியில் கால்கள் முளைத்துத் தாங்கிக்கொள்ளும். சுற்றிலும் வீடுகள் வைத்து அடைத்தால் நடுவில் உள்ள கல் தரை பச்சைத் தோட்டமாகிவிடும். அந்தத் தோட்டத்தை நான் கேட்கவில்லை, அதற்கென்று பொத்தானும் கிடையாது. நான் வைத்ததைப் பார்த்து, அதற்கு எது பொருந்துமோ அதை விளையாட்டே கொடுத்தது. கூரையில் பறவைகள் வந்து உட்காரும். பக்கத்தில் எதையாவது கட்டினால் பறந்துவிடும்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு முறைக்கு ‘வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ்’ என்று பெயர். ஒவ்வோர் இடத்திலும் சுவரா, படியா, வளைவா என்று பல சாத்தியங்கள் இருக்கும். அக்கம்பக்கத்தில் இருப்பதோடு ஒட்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சியதை அங்கே பொருத்துகிறது. என் வேலையில் ஒரு ஜன்னலை நகர்த்தினால் தளப்படம், முகப்புப்படம், வெட்டுத்தோற்றம் எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சைட்டிலிருந்து போன் வரும். இங்கே அந்தச் சுமையை வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். எது நன்றாக இருக்கும் என்று பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. அதோடு, அடியில் இருக்கும் கட்டங்களே கோணல்மாணலானவை. செங்கோணத்திலேயே புழங்கிய கண்ணுக்கு, தானாக வளைந்து போகும் தெருவைப் பார்ப்பதே ஓர் ஓய்வு.

“சரி, இதுல எப்ப ஜெயிக்கிறது?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். நகரம் கட்டும் விளையாட்டான ‘சிம்சிட்டி’யை வில் ரைட் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியபோது, ஜெயிப்பும் தோற்பதும் இல்லாத ஆட்டத்தை எப்படி விற்பது என்று பதிப்பாளர்களே தயங்கினார்கள். 1989-இல் வெளிவந்த பிறகு அது உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன் அவர் செய்தது ஹெலிகாப்டரில் போய்க் குண்டு போடும் விளையாட்டு. குண்டு போடுவதைவிட, அதற்கான தீவுகளைக் கட்டுவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொண்டதில் பிறந்ததே சிம்சிட்டி. அதில்கூட வரி, மின்சாரம், போக்குவரத்து நெரிசல் என்று தலைவலிகள் உண்டு. டவுன்ஸ்கேப்பர் அதையும் எடுத்துவிட்டது. அப்பா இப்போது மஞ்சள் வீடுகளாகவே வைத்துக்கொண்டு போகிறார். ஜெயிப்பதைப் பற்றிய பேச்சே இல்லை.

இது விளையாட்டே அல்ல, வெறும் பொம்மை என்பவர்கள் உண்டு. பொம்மையாகவே இருக்கட்டும், அதில் என்ன குறை? எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். போனில் ‘இலவசம்’ என்று வரும் பல நகர விளையாட்டுகள் ஒரு வீடு முடிய மணிக்கணக்கில் காக்கவைத்து, அவசரமென்றால் காசு கொடு என்கின்றன. பார்க்க அவையும் இதே போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவை பிழைப்பதே நம் பொறுமையின்மையை வைத்து. டவுன்ஸ்கேப்பரை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். விளம்பரம், காத்திருப்பு எதுவும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பெற்றோர்கள் எல்லா விளையாட்டையும் ஒன்றாகத் திட்டுகிறார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதும் தாங்கள், விளையாட்டுகளுக்கும் வாரம் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். 2024-இல் இரண்டே பேர் கொண்ட நிறுவனம் வெளியிட்ட ‘டைனி கிலேட்’, பெர்லின் மாணவர்கள் உருவாக்கிய ‘டோர்ஃப்ரொமான்டிக்’ என்று எழுத நிறைய இருக்கிறது. எழுதும்போது, விளையாடுபவரைக் காக்கவைத்துக் காசு கேட்கிறதா என்ற ஒரு வரியை ஒவ்வொரு விமர்சனத்திலும் தவறாமல் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கட்டட வரைவாளர்