டப்பாவைத் திருப்பிப் பார்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் பாப்பா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் தாமதத்துக்கு அது மட்டும் காரணமில்லை. நீ கேட்டிருந்த கேள்வி என்னை ஒன்றரை வருஷம் பின்னால் இழுத்துப் போய்விட்டது. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் தேவலை. உன் அண்ணன் விஷயம் என்னவாயிற்று என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுக்கப்போவதாக எழுதி, "எந்தப் பவுடர் பால் வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாய். அதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்திருந்தாய், வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். "நான் செய்வது தப்பாடி?" முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். தப்பே இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கும் மனப்பாடம். அது தெரிந்தேதான் ஏழாம் மாதம் நிறுத்தினேன். வேலைக்குத் திரும்பியதும் பால் குறைந்துகொண்டே வந்தது. பால் எடுக்கும் பம்ப்பை வைத்துக்கொண்டு கதவைப் பூட்டி அரைமணி உட்கார்ந்தால் பாட்டிலின் அடி நனையும், அவ்வளவுதான். குழந்தை பசியில் அழ, நானும் அழுதேன். அந்த நாட்களில் யாராவது எனக்கு ஒன்று சொல்லியிருக்கலாம்: ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை, காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றும் தாய்ப்பால் வைத்துக்கொண்டு நடுவில் பவுடர் பால் கொடுக்கலாம். உனக்கு இப்போதே சொல்கிறேன். உன் பிள்ளைக்கு ஐந்து மாதம்தானே ஆகிறது, முடிந்தால் அப்படிச் செய்து பார். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

நான் இரண்டு வாரத்தில் மூன்று டப்பா மாற்றினேன் வசந்தி. டப்பாவில் ஸ்டேஜ் 1 என்றால் பிறந்தது முதல், ஸ்டேஜ் 2 என்றால் ஆறு மாதத்துக்கு மேல். ஏழாம் மாதம் ஆயிற்றே என்று முதலில் ஸ்டேஜ் 2. கொஞ்சம் கக்கினாள். உடனே "மென்மையான வயிற்றுக்கு" என்று எழுதிய ஒன்று. மலம் கெட்டியானது. அதனால் லாக்டோஸ், அதாவது பாலில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை, இல்லாதது. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் மேசை மேல் மூன்றையும் வரிசையாக வைத்தார். வைத்து, ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பினார். "முன்னால் இருப்பது விளம்பரம், பின்னால் இருப்பதுதான் பால். படிங்க" என்றார். நான் சத்தமாகப் படித்தேன். 100 மில்லிக்கு 66 கிலோ கலோரி, 67, மறுபடி 66. புரதம், கொழுப்பு, இரும்பு எல்லாம் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்து எண்கள்.

பிறந்தது முதல் குடிக்கும் பவுடர் பாலில் என்னென்ன எவ்வளவு இருக்க வேண்டும் என்று கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பு 1981லேயே தரம் வகுத்துவிட்டது. 100 மில்லியில் 60லிருந்து 70 கிலோ கலோரிக்குள் இருக்க வேண்டும். புரதம், கொழுப்பு, வைட்டமின் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. பாலில் கேசீன், வே என்று இரண்டு வகைப் புரதம். பசும்பால் புரதத்தில் நூற்றுக்கு 80 பங்கு கேசீன், 20 பங்கு வே. தாய்ப்பாலில் வே புரதம்தான் அதிகம், அதனால் பெரும்பாலான ஸ்டேஜ் 1 பாலில் அதைக் கூட்டித் தாய்ப்பாலை ஒட்டி வைக்கிறார்கள். ஆகவே ஒழுங்காகத் தயாரித்த எந்த ஸ்டேஜ் 1 டப்பாவும் உன் பிள்ளைக்குப் போதும், ஒரு வயது வரைக்கும். ஆறு மாதமானதும் ஸ்டேஜ் 2க்கு மாறியே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை. ஒரு வயதுக்குப் பிறகு ஸ்டேஜ் 3ம் அப்படித்தான்.

லாக்டோஸ் இல்லாத டப்பாவைக் கையில் எடுத்து டாக்டர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 7 கிராம் லாக்டோஸ் இருக்கு. ஏழு மாசம் அதைக் குடிச்சு வளர்ந்த குழந்தைக்கு இன்னைக்கு மட்டும் எப்படிம்மா ஒத்துக்காம போகும்?" பிறவியிலேயே லாக்டோஸ் சேராத குழந்தை மிக மிக அபூர்வம். கடுமையான பேதிக்குப் பிறகு சில நாள் சேராமல் போகலாம், அவ்வளவுதான். கக்குவதும், மலம் கெட்டியாவதும், பச்சையாக வாடையோடு போவதும் பால் மாறும்போது நடப்பவை. ஒரு வாரமாவது ஒரே பாலைக் கொடுத்துப் பார்க்காமல் நான் டப்பா டப்பாவாக ஓடியதில் அவள் வயிறுதான் பாடுபட்டது.

மூளை வளர்ச்சிக்கு என்று டிஹெச்ஏ பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தாய்ப்பாலிலும் இருக்கும் கொழுப்புதான் அது, இருந்தால் நல்லதே. ஆனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளில் அறிவு கூடியதாகச் சீரான பலன் தெரியவில்லை. அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்காதே.

ஆனால் இதை மட்டும் கவனமாகப் படி. மலத்தில் ரத்தம், உடம்பெல்லாம் தடிப்பு, விடாத வாந்தி, எடை ஏறாமல் நிற்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போ. பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குப் புரதத்தை நன்றாக உடைத்துச் செய்த தனிப் பால் இருக்கிறது, அவர் எழுதிக் கொடுப்பார். ஆட்டுப்பால் பவுடர் அதற்கு மாற்று இல்லை, அந்தப் புரதமும் ஏறக்குறைய இதே மாதிரிதான். சோயா பால் ஆறு மாதத்துக்குள் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். வெறும் பசும்பாலை முக்கிய ஆகாரமாக ஒரு வயதுக்கு முன்னால் கொடுக்கவே கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, சிறுநீரகத்துக்கும் பாரம்.

டப்பாவைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட கவலையில் பாதியைக் கூட கலக்குவதில் படவில்லை என்பதுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது. பவுடர் பால் கிருமி நீக்கிய பொருள் இல்லை வசந்தி. குரோனோபேக்டர் என்று ஒரு பாக்டீரியா அதில் இருக்கக்கூடும். அபூர்வம்தான், ஆனால் சிசுக்களுக்கு ரொம்ப ஆபத்து. அதனால்தான் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைப் போடச் சொல்கிறார்கள். கொதித்து இறக்கி அரைமணிக்கு மேல் ஆறவிடாதே. முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். பிறகு பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடு. குடித்து மீந்ததைக் கொட்டிவிடு, எவ்வளவு வலித்தாலும் சரி.

டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியை, அதுதான் ஸ்கூப், குவித்து எடுக்காதே. ஒரு சுத்தமான கத்தியின் முதுகால் ஒரு இழுப்பு, தலை தட்டி சமமாக வர வேண்டும். ஒரு கம்பெனியில் ஒரு ஸ்கூப்புக்கு 30 மில்லி தண்ணீர், இன்னொன்றில் 60 மில்லி. அந்தந்த டப்பாவுக்கு அந்தந்த ஸ்கூப்தான். என் வீட்டில் ஒரு நாள் பழைய ஸ்கூப் புது டப்பாவுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன், கை நடுங்கிப் போயிற்று. கெட்டியாகப் போனால் நீர் வற்றி மலச்சிக்கல் வரும். தண்ணியாகப் போனால் இன்னும் மோசம், உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். பால் தீரப்போகிறது என்று ஒரு நாளும் நீர் சேர்த்துக் கொடுத்துவிடாதே.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். தாய்ப்பாலில் முதலில் ஒரு வேளையை மட்டும் நிறுத்து, சில நாள் கழித்து அடுத்தது. நான் அவசரப்பட்டேன், பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து படுத்தேன். முதல் பாட்டிலை நீ கொடுக்காதே, உன் வாசனை தெரிந்தால் வாங்காமல் போகலாம். வேறு யாராவது மடியில் வைத்துக் கொடுக்கட்டும், நீ அடுத்த அறையில் இரு. அந்தப் பத்து நிமிஷம் கஷ்டமாகத்தான் இருக்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவள் விழுங்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தூக்கியபோது என் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு எப்போதும் போலவே சிரித்தாள்.

வாங்குவதற்கு முன் அவன் எடையைக் குறித்து வை. எந்த டப்பா என்று தீர்மானித்ததும் பின்பக்கம் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பு, நானும் பார்க்கிறேன். அப்புறம் இன்னொன்று. ஹாஸ்டலில் பால் பவுடர் டின்னை யார் காலி செய்தது என்று வார்டனுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும். டப்பாவைத் திறந்ததும் உன் கை சும்மா இருக்காது. தின்றுகொள், ஆனால் வேறு கரண்டியால் எடு. அந்த ஸ்கூப் ஈரமாகக் கூடாது.

அன்புடன்,
உன் மாலா