மேட்டு மனையாகப் பார்

செங்கல்பட்டு
தை 25

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் நீ அனுப்பிய நான்கு மனைகளின் தாள்களும் கிடைத்தன. மே மாதத்தோடு வேலை முடிகிறது, சென்னைக்குள் வேண்டாம், பக்கத்திலேயே ஒரு வீடு வேண்டும், எந்த ஊர் நல்லது என்று கேட்டிருக்கிறாய். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. கூடுவாஞ்சேரியிலேயே ஒரு தெரு காய்ந்து கிடக்கும், அடுத்த தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதனால் திசையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, தெருவைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை உனக்கு வேண்டாம். காற்று நன்றாக இருக்கும்தான். ஆனால் ரயில் கிடையாது. அந்த உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்தளப் பூச்சு பெயர்ந்து விழும். கடலோரத்தில் எல்லாரும் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு இழுக்க இழுக்க நல்ல தண்ணீரும் உவர்ப்பாகிவிடும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அடுக்ககங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கமெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நீர் போகும் வழி. வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல வருடம் ஆகிறது. மேற்கே ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பாதையில் புறநகர் ரயில் வசதி நன்றாக இருக்கிறது. அது என் இரண்டாவது தேர்வு.

முதல் தேர்வு தெற்கு ரயில் பாதைதான்: கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு. எழும்பூருக்கோ கடற்கரைக்கோ வண்டி மாறாமல் போகலாம். தென் மாவட்டங்களுக்குப் போகும் அரசு பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் கிளம்புகின்றன, அதுவும் பக்கம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களில் ஜி.எஸ்.டி. சாலை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை நகராமல் நிற்கும். அன்றைக்கும் ரயில் ஓடும். உன் மனைவி, தங்கை லட்சுமிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பத்து நிமிடத்துக்குள் போக வேண்டும், அந்த ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்க வேண்டும். இரண்டையும் நேரில் பார்.

இனி தண்ணீர். இந்தப் பக்கம் நிலம் முழுக்க ஏரிச் சங்கிலி. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். ஊரப்பாக்கம், நந்திவரம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் வடக்கே மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு விட்டது இதனால்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் நின்றது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி நிரம்பினால் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்குப் போகும். ஆகவே மனை எந்த ஊர் என்பதை விட, எந்த ஏரிக்குக் கீழே, எந்தக் கலங்கலுக்கு எதிரே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கிராம வரைபடத்தை வாங்கு. ஏரி, மதகு, கலங்கல், வாய்க்கால் எல்லாம் அதில் கோடு போட்டிருக்கும். உன் மனையின் சர்வே எண்ணுக்கும் அந்தக் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பார். ஏரிக்குக் கீழே ஒரு காலத்தில் ஆயக்கட்டு (ஏரிப் பாசன) வயலாக இருந்த இடம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதே. வயலுக்குத் தண்ணீர் தானாக வந்த இடத்தில் வீட்டுக்கும் தானாகத்தான் வரும்.

நேரில் போனால் காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார். புது வீடுகள் எல்லாம் நாலு அடி உயர அடித்தளத்தின் மேல் எழும்பியிருந்தால், அந்தத் தெருவின் கதை அங்கேயே எழுதியிருக்கிறது. பழைய வீடுகளுக்குள் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டியிருந்தால், பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தரகரிடம் கேட்காதே. பால்காரரிடமும் மளிகைக்கடைக்காரரிடமும் கேள்: 2015இல் எவ்வளவு வந்தது, 2023இல் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் நின்றது? முழங்காலளவு வந்து நாலு மணி நேரத்தில் வடிந்தால் அது மழை. கணுக்காலளவே வந்தாலும் நாலு நாள் நின்றால் அது பள்ளம்.

"மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாம்" என்று உனக்கு மனை விற்பவர் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார். அரை கிரவுண்டு, 30க்கு 40 மனையை மூன்று அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் கிராவல் வேண்டும். அதையும் முக்கால் அடிக்கு முக்கால் அடி பரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு உடனே கட்டினால் மண் அமர்ந்து, இரண்டாம் வருடம் டைல்ஸ் விரிசல் விட்டுவிடும். அதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சக்கர நாற்காலி ஏற சாய்தளம் 1க்கு 12 வேண்டும். மூன்று அடி உயரத்துக்கு 36 அடி நீளச் சாய்தளம்! உன் மனையின் ஆழமே 40 அடி. வெள்ளத்துக்கு பயந்து வீட்டைத் தூக்கினால், எழுபத்தைந்து வயதில் அந்தப் படிகளே உங்களை வீட்டுக்குள் பூட்டிவிடும். அதனால்தான் மனையே மேட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போய், ரோட்டின் நடுமட்டத்துக்கும் மனைக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம்) பிடிக்கச் சொல். மனை ரோட்டை விட ஒரு அடியாவது உயரமாக இருந்தால் மேலே பேசலாம்.

அடுக்ககம் என்றால் அடித்தள உயரத்துக்குப் பதிலாக வேறு மூன்றைப் பார். மின் மீட்டர் பலகை ஸ்டில்ட் (தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் கீழ்த்தளம்) தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? தண்ணீர் அதைத் தொட்டால் கட்டடத்துக்கே மின்சாரம் நிறுத்தப்படும். லிஃப்ட் குழியில் தண்ணீர் ஊறுகிறதா? லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா? அதோடு, ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவு லிஃப்ட் அகலமானதா என்று டேப் வைத்து அள. குளியலறைக் கதவு மூன்று அடி, வாசலில் படி இல்லாத தரை, கைப்பிடி பொருத்தத் திடமான செங்கல் சுவர், இந்த மூன்றும் இருந்தால் மற்ற வசதிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

குடிநீர்: போர்த் தண்ணீரை மே மாதத்தில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடு. டிசம்பரில் எல்லாப் போரும் நல்ல போர்தான். இந்தியத் தர நிர்ணயப்படி டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. அதைத் தாண்டினால் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் போகும், கீசருக்குள் சுண்ணாம்பு படியும், குழாய்த் துளை அடைபடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு, இரண்டு பேருக்கு 270. லாரித் தண்ணீர் வாங்கும் தெரு என்றால் சம்ப் (தரையடித் தொட்டி) 12,000 லிட்டருக்குக் குறையக் கூடாது. 6,000 லிட்டர் சம்ப்புக்கு 12,000 லிட்டர் லாரி வந்தால் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு முழுக் காசும் கொடுக்க வேண்டிவரும்.

உன் தாள்களுக்கு வருகிறேன். முதல் மனை டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த லேஅவுட், சாலைப் பகுதி தானமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சர்வே எண்ணின் உட்பிரிவைத் தவிர காகிதத்தில் குறை தெரியவில்லை. இரண்டாவது மனையைப் பவர் பத்திரத்தின் பேரில், அதாவது உரிமையாளர் கொடுத்த அதிகாரத்தை வைத்து வேறொருவர், விற்கிறார்கள். பவர் கொடுத்தவர் இப்போதும் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. மூன்றாவதில் பட்டா எண்ணைக் காட்டியவர்கள் அ-பதிவேட்டை (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) காட்டவில்லை. இ-சேவைத் தளத்தில் அதை நீயே எடுத்துப் பார். வகைப்பாட்டில் மேய்க்கால், வண்டிப்பாட்டை, நீர்நிலை, அனாதீனம் (உரிமையாளர் இல்லாமல் அரசின் கையில் உள்ள நிலம்) என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால் அத்தோடு விட்டுவிடு. நான்காவது அங்கீகாரமில்லாத மனை. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவாகியிருந்தால்தான் வரன்முறைப்படுத்த வழி, அதற்குப் பிந்தையது என்றால் வேண்டாம். எதுவானாலும் வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போடு, மூலப்பத்திரங்களை வரிசையாக வைத்து வக்கீலிடம் காட்டு. கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வை. மனை வாங்கும் பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் கடன் தேடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியைக் கிலோமீட்டரில் அளக்காதே. இரவு பதினொரு மணிக்கு எத்தனை நிமிடம் என்று அள. பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் சிடி ஸ்கேன் எடுத்து, படம் பார்க்க ஆள் இருந்து, முடிவெடுத்தாக வேண்டும். ஆகவே "24 மணி நேரம்" என்ற பலகையை நம்பாமல், இரவில் ஸ்கேன் இயங்குமா, மருத்துவர் வளாகத்திலேயே இருப்பாரா, போன் செய்தால்தான் வருவாரா என்று கேள். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொத்தேரியில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வீடு அமைந்தால் நல்லது. வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் நடுவே ரயில்வே கேட் இருக்கிறதா என்றும் கவனி. வண்டிக்கு மேல் வண்டி போகும் பாதை அது, மூடிய கேட் திறக்க நேரமாகும்.

முதியோர் குடியிருப்பு பற்றி லட்சுமி கேட்டதற்குப் பதில்: சமையல், வைத்தியம், துணை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனால் ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைத் தேடிப் படி. மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும்? இரண்டு மாதம் மகளிடம் போயிருந்தால் சாப்பாட்டுக் காசு கழியுமா? ஒருவர் படுக்கையில் விழுந்தாலோ நினைவு தவறினாலோ வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா? ஒருவர் காலமான பின் மற்றவர் அதே வீட்டில் இருக்கலாமா, வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும்? மூன்றாவது கேள்விக்கு வாயால் பதில் சொல்லி, எழுத்தில் தர மறுக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

வேலை முடிந்த பிறகும் குவார்ட்டர்ஸை ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு காத்திராமல் செப்டம்பரில் வந்து, மறைமலை நகரிலோ சிங்கப்பெருமாள் கோயிலிலோ 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இரு. வடகிழக்குப் பருவமழையும் மே மாத வறட்சியும் அந்த 11 மாதத்துக்குள் வந்துபோகும். ஓய்வுப் பணத்தில் பாதிக்கு மேல் வீட்டில் போடாதே. வைத்தியத்துக்கு நாளைக்கே காசு வேண்டுமென்றால் சுவரை உடைத்து எடுக்க முடியாது.

முதல் மனையின் சர்வே எண்ணில் உட்பிரிவு தெளிவாக இல்லை. அதை எழுதி அனுப்பு. கிராம வரைபடத்தில் குறித்து, பக்கத்து வாய்க்காலுக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுகிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் உள்ள பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குடைவரையில் இருக்கிறது, அங்கே பெருமாளைச் சுற்ற மலையையே சுற்ற வேண்டும். முழங்கால் வலியோடு ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம் என்று இப்போதே சொல்லிவை.

உன்
ராமநாதன்