பட்டினி கிடந்ததால் மட்டும் வந்ததல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியா திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார், பாராட்டுகிறேன். ஆனால் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தார், தோட்ட முதலாளிகள் மனம் இளகிக் கூலியை உயர்த்தினார்கள் என்கிற தோரணையில் கதையை முடித்துவிட்டார். போதாததற்கு 'அமெரிக்க காந்தி' என்று ஒரு பட்டம் வேறு. எனக்குத் தெரிந்து அங்கே எந்த முதலாளியும் மனம் இளகவில்லை. சரக்கு விற்கவில்லை, கையெழுத்துப் போட்டார்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் துண்டறிக்கை மடித்தே வயதானவன் நான். அதனால் இந்த வித்தியாசம் உறுத்துகிறது.

முதலில், ஆரம்பித்தவர்கள் யார்? கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. 1965 செப்டம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பிலிப்பினோத் தொழிலாளர்கள். தலைமை லாரி இட்லியாங். கையில் விரல்களை இழந்தவர், 'ஏழு விரல்' என்பதே பட்டப்பெயர். கோச்செல்லா பள்ளத்தாக்கில் அந்த வருடம் அறுவடை தொடங்கியபோது மணிக்கு 1.40 டாலர் கேட்டு வாங்கியிருந்தார்கள். திராட்சை பழுக்கப் பழுக்க வடக்கே நகர்கிற ஆட்கள் அவர்கள். டெலானோவுக்கு வந்தால் அதே பழம், அதே கத்தரிக்கோல், அதே பெட்டி, கூலி மட்டும் குறைவு. கோச்செல்லாவில் கொடுத்ததை இங்கேயும் கொடு என்றார்கள். முடியாது என்றார்கள் முதலாளிகள்.

அவர்களில் பலர் 1920களிலும் 30களிலும் வாலிபர்களாக வந்தவர்கள். பெண்கள் மிகக் குறைவாகத்தான் கூட வந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க கலிஃபோர்னியா சட்டம் விடவில்லை. 1948இல்தான் நீதிமன்றம் அந்தத் தடையை அடித்தது, அதற்குள் வயது போய்விட்டது. வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஐம்பது அறுபது வயதிலும் கல்யாணமாகாமல் தோட்டத்துக் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர்கள் ஏராளம். அந்தக் கொட்டகை முதலாளியுடையது. வேலைக்குப் போகாமல் அதிலேயே உட்கார்ந்தபோது முதலாளிகள் என்ன செய்தார்கள்? தண்ணீரை நிறுத்தினார்கள், அடுப்புக்கு வரும் எரிவாயுவை நிறுத்தினார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள், அப்புறம் மூட்டை முடிச்சோடு வெளியே தள்ளினார்கள். ஊர்விட்டு ஊர்போய்ப் பிழைக்கிறவனுக்கு வேலையும் வீடும் ஒரே ஆள் கையில் இருக்கிறது. அவன் வேலைநிறுத்தம் செய்வது என்றால் அன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதும் சேர்ந்த கேள்வி.

இட்லியாங் உடனே மெக்சிகத் தொழிலாளர்களின் சங்கத்தைத் தேடிப் போனார். காரணம் எளிது. பிலிப்பினோக்கள் நின்றால் மெக்சிகரைக் கருங்காலிகளாக இறக்குவது, மெக்சிகர் நின்றால் பிலிப்பினோக்களை இறக்குவது என்பது முதலாளிகளின் பழைய வித்தை. சாவேஸும் டொலோரஸ் உவெர்த்தாவும் 1962இல் தொடங்கிய சங்கம் அது. தன் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு இன்னும் தயாரில்லை என்றுதான் சாவேஸ் நினைத்தார். ஆனாலும் செப்டம்பர் 16 அன்று தேவாலய மண்டபத்தில் கூடி, சேருவதென்று முடிவெடுத்தார்கள். பிலிப்பினோ மண்டபமே பொதுச் சமையற்கட்டு ஆனது, இரண்டு தரப்பும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். என்னைக் கேட்டால், 1968இன் உண்ணாவிரதத்தைவிட இந்தப் பந்திதான் பெரிய சம்பவம்.

மறியலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டம் பரந்து கிடக்கும். மறியல் செய்கிறவர்கள் சாலையோரத்தில், வேலை செய்கிறவர்கள் கொடிகளுக்குள் எங்கோ தூரத்தில். கத்தினால்தான் கேட்கும். 'உவெல்கா' என்றால் ஸ்பானிய மொழியில் வேலைநிறுத்தம். அந்தச் சொல்லைக் கத்தக்கூடாது என்று உள்ளூர்க் காவல் அதிகாரி தடை போட, கத்தியதற்காகவே அக்டோபரில் 44 பேர் கைதானார்கள், பாதிரியார்கள் உட்பட. அடுத்த மார்ச்சில் செனட் குழு விசாரணைக்கு வந்தபோது, குற்றம் செய்யக்கூடும் என்று தோன்றுகிறவர்களை முன்கூட்டியே பிடிப்பதாக அந்த அதிகாரி சாவகாசமாகச் சொன்னார். மதிய உணவு இடைவேளையில் அரசியலமைப்புச் சட்டத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள் என்றார் அந்தக் குழுவில் இருந்த செனட்டர் ராபர்ட் கென்னடி. அதற்கு அடுத்த நாளே டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு 25 நாள் நடைப்பயணம் கிளம்பியது. கட்டுரையில் அதைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார், நான் திரும்பச் சொல்லவில்லை.

கட்டுரை தவறவிட்ட முக்கியமான விஷயம் புறக்கணிப்பு. 1935இல் வந்த தொழிலாளர் உறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திவிட்டது. சங்கம் வைத்தாலும் பேச்சுவார்த்தைக்கு வா என்று முதலாளியைச் சட்டப்படி இழுக்க முடியாது. 1947இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தகராறில் சம்பந்தமில்லாத கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லக்கூடாது என்று மற்றச் சங்கங்களின் கையைக் கட்டினார்கள். சட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்தக் கட்டும் இல்லை! இந்தக் கடை திராட்சை விற்பதை நிறுத்தும்வரை வேறு கடைக்குப் போங்கள் என்று ஊர் ஊராகக் கடைவாசலில் நின்று கேட்டார்கள். தோட்டத்தைத் தாண்டி எங்கும் போயிராதவர்கள், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள், முன்பின் தெரியாத பெருநகரத்தில், குளிரில். பெரிய தோட்டக்காரரான ஜூமாரா வேறு கம்பெனிகளின் சீட்டை ஒட்டிப் பழத்தை அனுப்பப் பார்த்தார். சரி, அப்படியானால் எந்தக் கலிஃபோர்னியாத் திராட்சையும் வேண்டாம் என்று புறக்கணிப்பை விரித்தார்கள். 1970 ஜூலை 29 அன்று ஜூமாராவும் மற்ற டெலானோத் தோட்டக்காரர்களும் சங்க மண்டபத்துக்கே வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து வருடம் ஆகியிருந்தது.

1968இல் சாவேஸ் இருந்த அந்த 25 நாள் உண்ணாவிரதமும் முதலாளியைப் பார்த்து இருந்ததல்ல. பொறுமை இழந்து திருப்பி அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்த சொந்தச் சங்கத்து ஆட்களைப் பார்த்து இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் கட்டுரை இன்னும் கனமாக இருந்திருக்கும்.

தலைவரை மாலை போட்டு நிறுத்தியதில் இன்னும் சில விஷயங்கள் மறைந்துவிட்டன. இட்லியாங் 1971இல் சங்கத்தை விட்டு விலகினார், வயதான பிலிப்பினோக்களைக் கவனிப்பாரில்லை என்ற வருத்தத்தில். 1973இல் ஒப்பந்தங்கள் முடிந்ததும் முதலாளிகள் வேறொரு சங்கத்தோடு கையெழுத்திட்டார்கள், அந்தக் கோடையில் போராட்டக்காரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். அடுத்த வருடம் சாவேஸின் சங்கமே ஆவணமில்லாமல் வந்த தொழிலாளர்களைக் குடிவரவு அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கும் இயக்கம் நடத்தியது. கருங்காலிகளாக இறக்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன நியாயம். முதலாளி மெக்சிகரையும் பிலிப்பினோக்களையும் மோதவிட்ட அதே கோடு, இப்போது சங்கத்தின் கையால். 1977இல் சாவேஸ் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் விருந்தாளியாகப் போய்வந்ததும் சங்கத்தின் பிலிப்பினோத் தலைவர்களில் ஒருவரான பிலிப் வேரா குரூஸும் வெளியேறினார். இதையெல்லாம் எழுதினால் போராட்டம் சிறுத்துவிடும் என்று கட்டுரையாளர் பயந்தாரோ என்னவோ. அப்படிச் சிறுத்துவிடாது. 1975இல் கலிஃபோர்னியா விவசாயத் தொழிலாளருக்குச் சங்க உரிமைச் சட்டம் வந்தது, இடுப்பொடிக்கும் குட்டைக்கைப்பிடிக் களைக்கொத்துக்குத் தடை வந்தது. அவை இன்னமும் நிற்கின்றன.

வாங்குகிறவனைப் பிடிக்கும் அந்த வழியும் பழங்கதை ஆகிவிடவில்லை. புளோரிடாவின் இமோக்கலியில் தக்காளி பறிக்கிறவர்கள் 2001இல் டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, அது பறிக்கிறவன் கைக்குப் போகட்டும் என்பதே கோரிக்கை.  நாலு வருடம் கழித்து, 2005இல், கம்பெனி ஒப்புக்கொண்டது.

ஒரு வேண்டுகோள். கல்யாணமும் இல்லாமல் வீடும் இல்லாமல் வயதான அந்தப் பிலிப்பினோத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் டெலானோவில் அக்பயானி கிராமம் என்ற முதியோர் குடியிருப்பைக் கட்டி 1974இல் திறந்தது. தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கல் சுமந்து கட்டிக்கொடுத்தது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். படமும் போடுங்கள், இந்த முறை சாவேஸ் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்