தகைவுப் படத்துக்கு முன் சுமைக் கணக்கைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பொருளை எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமையால் அதற்குள் எழும் விசையை (தகைவை) கணக்கிடும் மென்பொருள்கள் உண்டு. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளில், அவை தரும் தகைவுப் படங்கள் சிவப்பும் நீலமுமாகப் பக்கம் பக்கமாக வருகின்றன. சுமை எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த அலகில் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வைவாவிலும் அந்தக் கேள்வி அபூர்வம். தவறு நுழைவது அங்கேதான்.

சென்னையில் நிறுத்தப்போகும் ஒரு விளம்பரப் பலகையை எடுத்துக்கொள்வோம். அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். திருத்தக் காரணிகளை 1 என வைத்தால், காற்றழுத்தம் 0.6 × 50², அதாவது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். 18 சதுர மீட்டருக்கு 27,000 நியூட்டன். வடிவத்துக்கான விசைக் கெழுவையும் பெருக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க இங்கே விட்டிருக்கிறேன். இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்த பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும்.

மில்லிமீட்டரில் வரைந்த மாடலுக்கு இந்த அழுத்தம் 0.0015 மெகாபாஸ்கல், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 0.0015 நியூட்டன். 1.5 என்று அடித்தால் ஆயிரம் மடங்கு. அபாகஸ் போன்ற மென்பொருளுக்கு அலகு என்று எதுவும் தெரியாது. கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். தன் எடையிலும் இதே சிக்கல். நியூட்டன், மில்லிமீட்டர் என்று வேலை செய்தால் எஃகின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 7.85 × 10⁻⁹ டன், ஈர்ப்பு முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 9,810 மில்லிமீட்டர். அடர்த்தியைக் கிலோகிராமில் போட்டால் எடை ஆயிரம் மடங்கு கூடும், முடுக்கத்தை 9.81 என்று போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்தது, சுமையை எதன்மேல் வைக்கிறோம் என்பது. அபாகஸில் 200 நோடுகள் (எலிமெண்டுகளை இணைக்கும் புள்ளிகள்) கொண்ட தொகுப்புக்கு 27,000 நியூட்டன் செறிவு விசை (புள்ளியில் விழும் விசை) கொடுத்தால், ஒவ்வொரு நோடுக்கும் முழு 27,000 போய்ச் சேரும். எலிமெண்டுகளின் வலையான மெஷ்ஷை நுணுக்கினால் நோடுகள் கூடும், மொத்தச் சுமையும் ஏறும். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் நான்கு பரப்புகளைத் தேர்ந்தெடுத்தால், விசை ஒவ்வொன்றுக்குமா, மொத்தத்துக்கும் சேர்த்தா என்று ஒரு தேர்வு இருக்கிறது; அதைக் கவனிக்காமல் விட்டு நான்கு மடங்கு சுமை ஏற்றுவது எளிது. பலகையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தத்தைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நிகரச் சுமை சுழியமாகிவிடும். பின்பக்கம் உறிஞ்சல் என்பதால் குறி மாற வேண்டும்.

பரப்புச் சுமையை நோடுகளுக்குக் கையால் சமமாகப் பங்கிடுவதும் தவறு. நான்கு மூலையிலும் நான்கு பக்கங்களின் நடுவிலுமாக எட்டு நோடு கொண்ட இருபடிப் பரப்பில் சீரான அழுத்தத்தின் மொத்த விசை 1,200 நியூட்டன் என்றால், பக்க நடு நோடு ஒவ்வொன்றுக்கும் 400, மூலை நோடு ஒவ்வொன்றுக்கும் எதிர்த்திசையில் 100. மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் 1,200 சரியாக வரும். எட்டாகப் பிரித்து 150, 150 என்று வைத்தால் மொத்தம் பொருந்தும், ஆனால் சுமை வைத்த இடத்தின் தகைவு பொய்யாகும். அழுத்தமாகவே கொடுத்துவிட்டால் இந்தப் பங்கீட்டை மென்பொருளே சரியாகச் செய்துவிடும்.

திட மாடலில் ஒற்றை நோடில் விசை வைத்தால் அங்கே தகைவுக்கு எல்லையே இல்லை. எலிமெண்ட் அளவைப் பாதியாக்கினால் அது கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டி 'இங்கே உடையும்' என்று எழுதுவது அர்த்தமற்றது.

பலகையைத் தாங்கும் குழாய்த் தூணின் அடித்தட்டை மட்டும் மாடல் செய்கிறவர்கள் விசையோடு திருப்புத்திறனையும் கொடுக்க வேண்டும். பலகையின் மையம் 8 மீட்டர் உயரத்தில் இருந்தால் 216 கிலோநியூட்டன் மீட்டர். அந்தச் சுமையைக் குழாயின் வெட்டுமுகத்தில், அங்குள்ள நோடுகளை ஒன்றாகப் பூட்டும் விறைப்பான இணைப்பு வழியாகக் கொடுத்தால் அந்த இடத்தில் குழாய் நசுங்கவே முடியாது. சுமையை நோடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகிர்வு இணைப்பு கூடுதல் விறைப்பு சேர்க்காது.

மொத்தச் சுமையில் நேரும் தவறுகளுக்கு ஒரு சோதனை உண்டு: தாங்கிகளின் எதிர்வினை விசைகளைத் திசைவாரியாகக் கூட்டிப் பார்ப்பது. காற்றுக்கு எதிர்த்திசையில் 27,000, மேல்நோக்கித் தன் எடைக்குச் சமமான விசை வர வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இது மொத்தச் சுமையை மட்டும்தான் சோதிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் மூழ்கிய ஸ்லைப்னர் ஏ கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளத்தில், அறைகள் சேரும் இடத்தில் மெஷ் சரியில்லாததால் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட தவறைப் பிடிக்கத் தனியாகக் கைக்கணக்கு வேண்டும்.

புராஜெக்ட் அறிக்கைப் படிவத்தில் பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கைக்கணக்கில் வந்த சுமை, அலகு, திசை, சுமை வைத்த பரப்பு, எதிர்வினைகளின் கூட்டுத்தொகை. அந்தப் பக்கத்தில் வழிகாட்டி கையெழுத்திட்ட பிறகே தகைவுப் படங்கள் அறிக்கையில் சேரட்டும்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.